நட்சத்திரம் வாங்குன கார்னா நம்ம ஊர்ல விக்குமா?

3-5-2025, ஷோரூம் தம்பி, கே.டி.சி. நகர்

ஏ.ஆர்.ரஹ்மான் போன மாசம் மஹிந்திரா எக்ஸ்.ஈ.வி. 9இ வாங்கி, பக்கத்துல நின்னு படம் எடுத்துப் போட்டாரு. அன்னையில இருந்து மின்சார கார் கேட்டு வாறவங்க பேச்சே மாறிட்டு. முன்னால "பேட்டரி எத்தன வருஷம் வரும், மாத்த எவ்வளவு ஆகும்"னுதான் ஆரம்பிப்பாங்க. இப்ப "ரஹ்மான் சத்தம் அமைச்ச வண்டி எது, ஒரு தடவ கேக்கலாமா"ன்னு உக்காருதாங்க. ஷாருக் கான் ஹூண்டாயோட மின்சார கார் ஐயோனிக் 5 வாங்கினப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. பிரபலம் வாங்கினா ஜனங்களுக்கு ஆர்வம் வருது. இது என் கட்சி. இல்லைங்கறவங்க காரணத்தோட சொல்லுங்க.

3-5-2025, பேட்டை பட்டறைக்காரர்

முதல்ல ஒரு திருத்தம் தம்பி. ஷாருக் கான் அந்த வண்டிய வாங்கல. 1998 சான்ட்ரோ காலத்துல இருந்து அவர் ஹூண்டாய் விளம்பரத் தூதர். 25 வருஷம் ஆச்சுன்னு 2023 டிசம்பர்ல 1,100-வது ஐயோனிக் 5-ஐ கம்பெனியே அவர் கையில கொடுத்தது. சொந்தக் காசுல வாங்குறது, சம்பளம் வாங்கிட்டு விளம்பரத்துல நிக்கிறது, கம்பெனி சாவியக் கொடுக்கிறது, மூணும் வேற வேற. ரஹ்மான் கேஸ் இன்னும் வேற. 2024 நவம்பர் 26-ல சென்னையில அந்த வண்டிய அறிமுகம் பண்ணும்போதே அதுக்குள்ள கேக்குற சத்தங்கள் அவர் அமைச்சதுதான். தான் வேலை செஞ்ச பொருளத் தானே வாங்கியிருக்காரு. அதுக்கு மதிப்பு உண்டு. ஆனா முன்பின் தெரியாத ஆள் கடைக்குப் போய் நாலு வண்டி ஓட்டிப் பாத்து வாங்கின மாதிரி அத எடுத்துக்கிட முடியாது.

ஆர்வம் வருதுன்னு சொல்லுதீங்க, சரி. புக்கிங் வருதா?

3-5-2025, ஷோரூம் தம்பி

திருத்தத்த ஏத்துக்கிடுதேன் அண்ணாச்சி. புக்கிங் விஷயத்துல, கேட்டு வாறவங்க கூடுதாங்க, ஓட்டிப் பாக்கவும் கூடுதாங்க. அதுக்கு அப்புறம் "வீட்ல பேசிட்டு வாறேன்"னு போனவங்கள்ல பெரும்பாலும் திரும்பி வாறது, அவங்க தெருவுல இல்ல சொந்தத்துல ஏற்கெனவே ஒருத்தர் வச்சிருக்கிறவங்கதான். இத எழுதும்போதுதான் எனக்கே உறைக்கு.

4-5-2025, ஆலங்குளம் டீச்சர்

இந்தக் கேள்விக்கு வெளிநாட்டில் இரண்டு பழைய கதைகள் உண்டு. இரண்டும் எதிரெதிர் திசையில் போகின்றன.

ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸின் ஈ.வி.1 என்ற மின்சார கார். 1996-லிருந்து 1999 வரை ஆயிரத்துச் சொச்சம் வண்டிதான் செய்தார்கள். மெல் கிப்சன் போன்ற பெரிய நடிகர்கள் ஓட்டினார்கள். ஆனால் அந்தக் காரை யாருக்கும் விற்கவில்லை, குத்தகைக்கு மட்டுமே கொடுத்தார்கள். கடைசியில் குத்தகையை முடித்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு, பெரும்பாலானதை நசுக்கிப் போட்டார்கள். நட்சத்திரங்களுக்குக் குறைவே இல்லை. கடையில்தான் சரக்கு இல்லை.

இன்னொன்று டொயோட்டா பிரியஸ். 2003 ஆஸ்கர் விழாவுக்குச் சில நடிகர்கள் பெரிய லிமோசினை விட்டுவிட்டு இதில் வந்து இறங்கினார்கள். லியனார்டோ டிகாப்ரியோ ஓட்டுவது உலகம் முழுக்கத் தெரிந்தது. அப்போது பிரியஸ் ஏற்கெனவே கடையில் கிடைத்தது, நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையிலும் இருந்தது. மின்சார கார் என்றால் இப்படி இருக்கும் என்று ஜனங்கள் மனதில் ஓர் உருவம் பதிந்தது அப்போதுதான்.

4-5-2025, வயர்மேன், பாளை

டீச்சர், பிரியஸ் மின்சார கார் இல்ல. ஹைபிரிட், எஞ்சினும் மோட்டாரும் சேந்தது. பெட்ரோல்தான் ஊத்தணும். அன்னைக்கு வந்த பிரியஸ்ல பிளக்கே கிடையாது.

4-5-2025, ஆலங்குளம் டீச்சர்

உண்மைதான், தவறாகச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தத் தவறே இங்கே முக்கியம் என்று நினைக்கிறேன். பிளக் இல்லாததால் வாங்கியவர் வீட்டில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நடிகரைப் பார்த்தார், பிடித்தது, வாங்கினார், பெட்ரோல் பங்குக்குப் போனார். ஆசைக்கும் வண்டிக்கும் நடுவே வேறு வேலை எதுவும் இல்லை.

இன்னொரு விஷயம் அதன் வடிவம். அதே காலத்தில் ஹோண்டா சிவிக்கிலும் ஹைபிரிட் வந்தது. பார்க்கச் சாதாரண சிவிக் போலவே இருந்தது. பிரியஸைத் தூரத்திலேயே அடையாளம் தெரியும். அமெரிக்காவில் கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்களை வைத்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, சுற்றுச்சூழல் அக்கறை அதிகமுள்ள பகுதிகளில் அந்தத் தனி வடிவத்துக்காகவே ஜனங்கள் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்று கண்டது. அங்கே நடிகரைவிட, நாலு பேர் கண்ணில் படுவதுதான் வேலை செய்திருக்கிறது.

6-5-2025, வயர்மேன், பாளை

டீச்சர் சொன்ன "நடுவே உள்ள வேலை", அதத்தான் நான் சொல்ல வாறேன்.

நம்ம பக்கம் மின்சார கார் வாங்கினவங்க வீட்ல முதல் வாரமே வாற பிரச்சினை எர்த். வண்டி வரும், பிளக்கச் சொருகுவாங்க, சார்ஜர் பெட்டியில சிவப்பு லைட் எரியும், கார் ஏத்துக்கிடாது. மே மாசம்னா சொல்லவே வேண்டாம். பாளையங்கோட்டையில ரெண்டு முழம் தோண்டினா பாறை. சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் தேரி மணல், ஈரமே நிக்காது. எர்த் பைப் காஞ்சு கெடக்கும்.

மல்டிமீட்டர ஏ.சி. வோல்ட்ல வச்சு 15 ஆம்பியர் சாக்கெட்ல மூணு அளவு எடுக்கணும். ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் 220-ல இருந்து 240. ஃபேசுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட்டுக்குள்ள. ஃபேஸ்-எர்த் 150, 160-னு காட்டினா எர்த் செத்துப் போச்சுன்னு அர்த்தம். நியூட்ரல்-எர்த் 10-ஐத் தாண்டினா அநேக சார்ஜர் ஏத்துக்கிடாது.

இங்கதான் ஒரு கொடுமை நடக்கு. சிவப்பு லைட் போகணும்னு, சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரலயும் எர்த்தயும் ஒரு துண்டு வயர் போட்டுச் சேத்து விட்டுருதாங்க. உடனே பச்சை எரியும், வீட்டுக்காரரும் சந்தோஷமா இருநூறு, முந்நூறு கொடுத்து அனுப்பிருவாரு. நாளைக்குப் போஸ்ட்ல இருந்து வாற சர்வீஸ் வயர்ல நியூட்ரல் மட்டும் விட்டுப்போனா, கார் பாடி முழுக்க 230 வோல்ட் வந்து நிக்கும். பிள்ளைங்க கைய வச்சா என்ன ஆகும்? யாராவது அப்படிச் செஞ்சு கொடுத்திருந்தா இன்னைக்கே மெயினை ஆஃப் பண்ணி அந்தத் துண்டப் பிடுங்கிருங்க.

முறையான வழி: 3 மீட்டர் செம்புப் பூச்சுக் கம்பி, சுத்தி ஈரத்தப் பிடிச்சு வைக்கிற பென்டோனைட் மண் ரெண்டு மூட்டை, 4 சதுர மி.மீ. செம்பு வயர்ல சாக்கெட் வரை தனி எர்த். எர்த்தோட தடை 5 ஓமுக்குக் கீழ வரணும். பாறைன்னா ஒரு குழி போதாது. கம்பி நீளம் அளவுக்காவது தள்ளி இன்னொரு குழி போட்டு ரெண்டயும் இணைக்கணும்.

6-5-2025, பேட்டை பட்டறைக்காரர்

வயர்மேன் சொன்னதோட இதையும் சேத்துக்கிடுங்க. சாதாரண 15 ஆம்பியர் சாக்கெட் இஸ்திரிப் பெட்டிக்கும் கீசருக்கும் பண்ணினது, அரை மணி நேரம் ஓடி நிக்கிற சாமானுக்கு. கார் ராத்திரி முழுக்க எட்டு, ஒன்பது மணி நேரம் விடாம இழுக்கும். பின் போற ஓட்டையச் சுத்தி பழுப்பு நிறம் வந்திருக்கா, பிளக்கத் தொட்டா கை பொறுக்காத சூடான்னு முதல் மாசம் தினமும் பாருங்க. பழுப்பு வந்தா உள்ள ஸ்குரூ லூசுன்னு அர்த்தம். நீலக் கலர் 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போட்டா இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்ல. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

சுவர்ல மாட்டுற 7.2 கிலோவாட் சார்ஜர்ப் பெட்டின்னா 32 ஆம்பியர். 6 சதுர மி.மீ. வயர், மீட்டர்ல இருந்து தூரம் 25 மீட்டரத் தாண்டினா 10. 40 ஆம்பியர் எம்.சி.பி. (சுமை கூடினா தானா விழுற சுவிட்ச்), கூட 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா வெட்டுற சுவிட்ச்). மின்வாரியத்துல அனுமதிச் சுமை எவ்வளவுன்னு கார்டுல பாத்துட்டு, கம்மியா இருந்தா முதல்ல எழுதிக் கொடுத்துக் கூட்டணும்.

7-5-2025, ஷோரூம் தம்பி

இவ்வளவும் சரி அண்ணாச்சி, ஆனா என் கேள்வி நட்சத்திரத்தப் பத்தி. வயரிங் பக்கம் போயிட்டோமே?

7-5-2025, பேட்டை பட்டறைக்காரர்

அங்கனதான் நிக்கோம் தம்பி. விளம்பரத்துல காட்டுறது மேல் மாடல். எக்ஸ்.ஈ.வி. 9இ-ல 79 யூனிட் பேட்டரி உண்டு, 59 யூனிட்டும் உண்டு. பெரிய டி.சி. சார்ஜர்ல (வேகமா ஏத்துற பொது மெஷின்) 20-ல இருந்து 80 சதம் 20 நிமிஷம்னு சொல்லுதாங்க. அதுக்கு 175 கிலோவாட் வேணும். வழியில 30, 60 கிலோவாட் மெஷின்தான்னா அந்தக் கணக்கு நடக்காது. 60-ன்னா முக்கால் மணி நேரத்துக்கு மேல, 30-ன்னா ஒன்றரை மணி நேரத்துக்கு மேல. வீட்டு 15 ஆம்பியர்ல அதே 20-80-க்கு 47 யூனிட் ஏறணும். மணிக்கு 2.9, 3 யூனிட்தான் உள்ள போகும். 16 மணி நேரம். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டா மறுநாள் மத்தியானம்.

படத்தப் பாத்து ஆசைப்பட்டு வாறவரு மனசுல 20 நிமிஷம் இருக்கு, வீட்ல 16 மணி நேரம் இருக்கு. இத முன்கூட்டியே சொல்லாம வித்தா, அவரு தெருவுல நாலு பேருகிட்ட குறை சொல்லுவாரு. ஒரு நட்சத்திரம் பத்துப் பேர உள்ள கொண்டு வந்தா, ஒரு அதிருப்தியான தெருக்காரர் இருபது பேரத் தடுத்துருவாரு. அதான் என் கவலை. (பத்து, இருபதுங்கறது பேச்சுக்குச் சொன்னது, எண்ணிப் பாத்தது இல்ல.)

8-5-2025, வயர்மேன், பாளை

சரியாச் சொன்னீரு வே.

29-6-2025, வள்ளியூர் காத்தாடி

இந்தப் பேச்ச இப்பதான் பாத்தேன். காத்தாலை வேலை, அதனால காத்து சம்பந்தமா ஒண்ணு சேக்குதேன்.

ஒரு சார்ஜுக்கு 656 கிலோமீட்டர்னு அந்த 9இ விளம்பரத்துல பாத்துட்டு திருநெல்வேலியில இருந்து நாகர்கோவில் போயிட்டு வாறவங்க, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை "கார்ல ஏதோ கோளாறு"ன்னு சர்வீசுக்குக் கொண்டு போறாங்க. கோளாறு இல்ல. வள்ளியூர், பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து எதுக்க அடிக்கு. நீங்க 90-ல போறீங்க, எதிர்க்காத்து 30-ன்னா காருக்கு அது 120 வேகத்துல போற மாதிரி. காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 120-ஐ 90-ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா 1.78. காத்தத் தள்ளுறதுக்கு மட்டும் முக்கால் பங்குக்கு மேல கூடுதல் கரண்ட். பெட்ரோல் காரும் இதே மாதிரிதான் கூடக் குடிக்கும், ஆனா யாரும் கவனிக்கிறது இல்ல. மின்சார கார்ல கண்ணு முன்னால சதவீதம் இறங்கும், அதனால பயம் வருது.

70-ல போங்க. எதிர்க்காத்தோட சேத்தே 100-தான் வரும். திரும்பி வரும்போது அதே காத்து தள்ளி விடும்.

30-6-2025, பேட்டை பட்டறைக்காரர்

கணக்கு சரி. ஒண்ணு மட்டும் திருத்துதேன். நாங்குநேரி, வள்ளியூர் வரைக்கும் ரோடு தெற்கால போகுது, காத்து மேற்க இருந்து வருது. அங்க அது பக்கக் காத்து, ஸ்டியரிங்க இழுக்கும், ஆனா நேரா மறிக்காது. காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் மேற்க திரும்புன பிறகுதான் முகத்துல அடிக்கு. அந்தப் பதினஞ்சு கிலோமீட்டர்தான் ரேஞ்ச, அதாவது ஒரு சார்ஜுக்கு ஓடுற தூரத்த, திங்குது.

30-6-2025, வள்ளியூர் காத்தாடி

ஆமா அண்ணாச்சி, அதுதான் சரி. பணகுடி வரை பக்கக் காத்துதான்.

5-8-2025, ஷோரூம் தம்பி

நேத்து தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்ல வின்ஃபாஸ்ட்ங்கற வியட்நாம் மின்சார கார் கம்பெனியோட தொழிற்சாலைய முதலமைச்சர் திறந்து வச்சாரு. 400 ஏக்கர், ஆரம்பத்துல வருஷத்துக்கு 50,000 கார். இன்னைக்குப் பேச்சு முழுக்க அதுதான். எந்த நடிகரும் இல்லாமலே இவ்வளவு பேச்சு.

5-8-2025, ஆலங்குளம் டீச்சர்

1986 வரை தூத்துக்குடியும் நம் திருநெல்வேலி மாவட்டம்தானே தம்பி. சொந்த ஊர்ச் சரக்கு என்ற நினைப்பு வரத்தான் செய்யும்.

அண்டை வீட்டாரின் செல்வாக்குக்கு நல்ல சான்று மின்சார காரில் அல்ல, கூரை சோலாரில் இருக்கிறது. கலிபோர்னியாவைப் பற்றி 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு அஞ்சல் எண் பகுதியில் ஒரு வீட்டில் கூடுதலாக சோலார் வைத்தால், அதே பகுதியில் இன்னொருவர் வைப்பதற்கான வாய்ப்பு 0.78 சதவீதப் புள்ளி ஏறுகிறது. எண் சிறியதாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டை இழுப்பதால் அது வட்டி போலச் சேர்ந்துகொண்டே போகும். நடிகரின் படம் ஒரு வாரம் பேசப்படும். பக்கத்து வீட்டுக் கூரையைத் தினமும் பார்க்கிறோம்.

அந்தத் தொழிற்சாலையில் வேலைக்குப் போகும் ஐ.டி.ஐ., டிப்ளமா பிள்ளைகளைக் கவனியுங்கள். பேட்டரியை எப்படிப் பொருத்துகிறார்கள், எங்கே தண்ணீர் புகும், எங்கே புகாது என்று வீட்டில் உட்கார்ந்து சொல்லப் போகிறவர்கள் அவர்கள். எந்த விளம்பரத் தூதரும் அந்த இடத்துக்கு வர முடியாது.

6-8-2025, வயர்மேன், பாளை

கூரை சோலார்னு பேச்சு வந்ததால கரண்ட் பில்லையும் சொல்லிருதேன். நாள் 50 கிலோமீட்டர் ஓட்டம்னு வைங்க. பேட்டரியில ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர், சார்ஜ் ஏறும்போது பத்து சதம் நட்டம். சுவர்ல இருந்து 8 யூனிட் போகும். அறுபது நாளைக்கு 480. வீட்டுக்கு ஏற்கெனவே 300 ஓடினா மொத்தம் 780. நம்ம டாரிஃப்ல 500-க்குள்ள இருந்தா 101-ல இருந்து 200 வரைக்கும் குறைஞ்ச ரேட். 500 தாண்டினா அந்தக் குறைஞ்ச ரேட் போயிரும், மேல அடுக்கடுக்கா ஏறும். அதனால கார் சேந்த பிறகு வாற பில்லு, யூனிட் கூடினதுக்கு மேலயே கூடும். அப்பவும் பெட்ரோலவிடக் கம்மிதான், ஆனா முதல் பில்லப் பாத்து அதிர்ச்சி வரக் கூடாது.

3 கிலோவாட் சோலார் நம்ம ஊர் வெயிலுக்கு சராசரியா நாள் 12 யூனிட் கொடுக்கும். காரோட 8 போக மிச்சமும் இருக்கு. மத்திய அரசு மானியம் 78,000 ரூபா. சோலார் கரண்ட் வெளிய போறதயும் கணக்கு வைக்கிற நெட் மீட்டர் போட்டுட்டா ராத்திரி சார்ஜ் பண்ணினாலும் கணக்குல கழியும்.

24-9-2025, பேட்டை பட்டறைக்காரர்

22-ஆம் தேதியில இருந்து சின்ன பெட்ரோல் கார் ஜி.எஸ்.டி. 18 சதமா இறங்கிட்டு. மின்சார காருக்கு அதே பழைய 5. ரெண்டுக்கும் நடுவுல உள்ள விலை வித்தியாசம் கூடிப்போச்சு. இனிமே யார் படத்தப் போட்டாலும், எட்டு, பத்து லட்சத்துல யோசிக்கிறவருகிட்ட கணக்குதான் பேசும். நாள் 20 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு நான் பெட்ரோலே போதும்னு சொல்லுவேன். 60-க்கு மேலன்னா மின்சாரம். நடுவுல உள்ளவரு வீட்டு எர்த்தயும் சோலாரயும் பாத்து முடிவு பண்ணலாம்.

24-9-2025, ஷோரூம் தம்பி

ஒத்துக்கிடுதேன் அண்ணாச்சி. ஆனா என் கட்சிய முழுசா விடல. நட்சத்திரம் ஒரு வேலைய நல்லாச் செய்யுது. வீட்ல மாமியார், தாத்தா எல்லாரும் "கரண்ட் காரா, ஷாக் அடிக்காதா, பொம்மை மாதிரி இருக்குமே"ன்னு சொல்லிட்டு இருந்தாங்க. 2001-ல வந்த ரேவாங்கற குட்டி மின்சார கார் காலத்து நினைப்பு அது. ரஹ்மான் பக்கத்துல நிக்கிற வண்டியப் பாத்த பிறகு அந்தப் பேச்சு நின்னுட்டு. வெக்கம் போகுது. அது சின்ன விஷயம் இல்ல.

25-9-2025, ஆலங்குளம் டீச்சர்

இதை மறுக்க மாட்டேன். ஈ.வி.1-க்கு கிடைக்காததும் பிரியஸுக்குக் கிடைத்ததும் அதுதான்: வெட்கம் போனபோது கடையில் வண்டி இருந்தது. வெட்கம் போனவர் அடுத்து என்ன கேட்பார் என்று நீங்கள் தயாராக இருங்கள். மழை நெருங்குகிறது, 2023 வெள்ளத்தைப் பற்றிக் கேட்பார்.

19-10-2025, ஷோரூம் தம்பி

டீச்சர் சொன்னபடியே நடக்கு. இந்த வாரம் வந்தவங்கள்ல ஒருத்தர் பாக்கி இல்லாம "வெள்ளம் வந்தா என்ன ஆகும்"னு கேட்டாங்க. ஜங்ஷன், கைலாசபுரம் பக்கத்து ஆட்கள்னா அதுதான் முதல் கேள்வி. என்ன சொல்லணும் அண்ணாச்சி?

19-10-2025, பேட்டை பட்டறைக்காரர்

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். அத மறந்துட்டு யாரும் இங்க கார் விக்கக் கூடாது.

பேட்டரிப் பெட்டி அநேகமா ஐ.பி. 67. ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்னு சோதிச்சது. நல்ல தண்ணியில, அசையாம வச்சு. ராத்திரி முழுக்கச் சேத்துத் தண்ணியில கெடந்தா அந்தக் கணக்கு செல்லாது. சீட் மட்டத்துக்குத் தண்ணி ஏறின வண்டியப் பத்திச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ஆன் பண்ணிப் பாக்கக் கூடாது. சார்ஜர் கிட்டயே கொண்டு போகக் கூடாது. தண்ணி வடிஞ்ச பிறகு, மேனுவல்ல சொன்ன மாதிரி 12 வோல்ட் பேட்டரியோட நெகட்டிவக் கழட்டணும். கயிறு கட்டி இழுக்கக் கூடாது, சக்கரம் சுத்தினா மோட்டார் கரண்ட் உண்டாக்கும். தட்டு வண்டியில ஏத்தித்தான் கொண்டு போகணும். வெளிய பாக்க ஒண்ணும் இல்லைன்னாலும் ரெண்டு மூணு வாரம் கழிச்சுக்கூட உள்ள கனெக்டர் பச்சை பிடிச்சுப் பழுது காட்டும். அதனால இன்சுலேஷன் அளந்து பாக்காம வீட்டுக்குள்ளயோ கார் ஷெட்லயோ நிறுத்த வேண்டாம், திறந்த இடத்துல விடுங்க.

இன்சூரன்ஸ்ல பேட்டரிக்கும் தண்ணி புகுறதுக்கும் தனி ஆட்-ஆன் எடுத்திருக்கான்னு பாலிசி எடுக்கும்போதே வாசிச்சுப் பாக்கச் சொல்லுங்க.

20-10-2025, வயர்மேன், பாளை

சுவர்ப் பெட்டியும் சாக்கெட்டும் தரையில இருந்து நாலடி உயரத்துல. 2023-ல வீட்டுச் சுவர்ல தண்ணி நின்ன கறை இருந்தா, அந்தக் கறைக்கு மேல ஒரு அடி. எம்.சி.பி. பெட்டி அதுக்கும் மேல.

இன்னொண்ணு. இப்ப மழையில எந்த எர்த் குழியும் நல்லா அளவு காட்டும். இப்ப அளந்துட்டு நல்லா இருக்குன்னு விட்டுராதீங்க. சித்திரை வெயில்ல ஒரு தடவ, ராத்திரி சார்ஜ் ஏறிட்டு இருக்கும்போதே நியூட்ரல்-எர்த் அளவு எடுங்க. அப்ப வாறதுதான் உண்மையான அளவு.